முத்திரை கற்பிக்கிறவர் மூலத்தையும் சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் கொழும்பில் தற்காப்புக் கலை வகுப்பு விளம்பரங்கள் பெருகிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று மதிலுக்கு மதில் ஒட்டியிருக்கும், முகநூலிலும் வரும், உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்திலும் வரும். அவற்றுள் சிலவற்றில் கராத்தே, ஜூடோவோடு 'நிஞ்சுட்சு' (பழைய ஜப்பானிய ஒற்றர்களான நிஞ்சாக்களின் கலை) என்ற பெயரும், அதோடு ஒன்பது இரகசியக் கைமுத்திரைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு முத்திரை பிடித்தால் பரீட்சைப் பயம் போகும், இன்னொன்றால் பிறர் நினைப்பது தெரியும், மற்றொன்றால் நோய் மாறும் என்று பட்டியல் நீள்கிறது. இது உண்மையா, சுத்தப் புளுகா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நேராகப் பதில் சொன்னால், முத்திரைகள் உண்மையானவை, பழையவை, மதிப்புக்குரியவை. அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் பலன் பட்டியலும் 'நிஞ்சாவின் தனிச்சொத்து' என்ற கதையும்தான் புதியவை. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவது தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜப்பானில் இந்த ஒன்பதையும் 'கூஜி' என்பார்கள். ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெட்சு, ஸாய், ஸென் என்பன ஒன்பது எழுத்துகள். இந்த வாய்பாட்டின் மூலம் ஜப்பானே அல்ல, சீனம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற தாவோ நெறி அறிஞர், மலைக்குள் போகிறவர் தீங்கு அணுகாதபடி மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது என்று இதை எழுதி வைத்தார். போர்வீரர் யாவரும் அணிவகுத்து முன்னே நிற்கட்டும் என்பது அதன் கருத்து. அவர் எழுதியதன் முடிவுப் பகுதியும் இன்று ஜப்பானில் வழங்கும் முடிவும் சற்றே வேறுபடும். இங்கே கவனிக்க வேண்டியது, கே ஹோங் சொல்லச் சொன்னாரே தவிர விரல்களை எப்படிக் கோக்க வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. ஒன்பது எழுத்துக்கு ஒன்பது கைவடிவம் என்ற சேர்க்கை ஜப்பானில் நடந்தது.

அந்தக் கைவடிவங்கள் வந்த வழிதான் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. பௌத்த மந்திர மரபின் முத்திரைகளைச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்களுள் முதன்மையானவர் வஜ்ரபோதி. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர். இலங்கைக்கு வந்து, இங்கிருந்து கடல்வழியாகச் சுமாத்திராவின் ஸ்ரீவிஜய அரசுக்குச் சென்று, 720ஆம் ஆண்டளவில் சீனத் தலைநகரை அடைந்தார். 741இல் அவர் மறைந்த பின் அவருடைய சீடர் அமோகவஜ்ரர் நூல்களைத் தேடி மறுபடி இலங்கைக்கே கப்பலேறினார். 746இல் ஏராளமான ஏடுகளுடன் திரும்பினார். அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ. அவரிடம் தீட்சை பெற்றவர் ஜப்பானியத் துறவி கூக்காய். அவர் 804இல் சீனம் போய் 806இல் ஊர் திரும்பி ஷிங்கோன் என்ற மந்திர பௌத்த மரபை நிறுவினார். இன்று கொழும்பில் யாரோ ஒருவர் ஜப்பானிய இரகசியம் என்று சொல்லிக் கொடுக்கும் முத்திரைகளின் மூல வடிவங்கள், ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டுக்கு முன் இந்தத் தீவின் துறைமுகங்களைத் தொட்டுப் போனவர்களின் கைகளில் இருந்தன. இவ்வளவு பெரிய வரலாறு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, சினிமாக் கதையைப் போய் விற்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஷிங்கோன், தெண்டாய் ஆகிய மடங்களிலிருந்து முத்திரைகள் மலைத் துறவிகளின் ஷுகெண்டோ மரபுக்குப் போயின. தாவோ வாய்பாடும் பௌத்த முத்திரையும் அங்கே ஒன்றோடொன்று கலந்து பரவின. மலைத் துறவிகளிடமும் மடங்களிலும் வேண்டுதல் செய்த போர்வீரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் இஈஸாஸா இயெனாவோ தொடங்கியதாகச் சொல்லப்படும் கட்டோரி ஷிண்டோ-ரியூ என்ற வாள் பள்ளி இன்றும் ஜப்பானின் சிபா மாகாணத்தில் இயங்குகிறது. 1960இல் அந்த மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்தப் பள்ளியின் பாடத்தில் இந்த முத்திரைகள் உண்டு. சேர்கிறவர் விரலில் இரத்தம் எடுத்து உறுதிமொழி ஏட்டில் ஒப்பமிடும் வழக்கமும் அங்கே உண்டு. அது சாமுராய்களின் வாள் பள்ளி, நிஞ்சாப் பள்ளியல்ல. கூஜி நிஞ்சாவுக்கே உரியது என்ற பேச்சு இந்த ஒரு சான்றிலேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் ஒற்றர்களுக்கும் முத்திரைக்கும் தொடர்பே இல்லையா? இருந்தது. அந்தக் காலத்துப் போர்வீரர் எல்லாரும் தெய்வத்தை நம்பியதுபோல அவர்களும் நம்பினார்கள். இகா, கோக்கா என்னும் அடுத்தடுத்த இரு மலைநாட்டுப் பகுதிகளில் மலைத் துறவிகளின் செல்வாக்கு அதிகம். ஆனால் அவர்களின் தொழில் நூல்களைப் புரட்டினால் முக்கியத்துவம் எதற்கு என்று விளங்கும். 1676இல் தொகுக்கப்பட்ட 'பான்சென்ஷூகாய்', 1681ஆம் ஆண்டு 'ஷோனின்கி' ஆகிய இரண்டிலும் பக்கங்களை நிரப்புவது உளவறிதல், வேடம், மதில் ஏறுதல், வெடிமருந்து, வானிலை பார்த்தல், மனிதரின் குணம் அறிதல். 'பான்சென்ஷூகாய்' தொடங்குவதே நேர்மையான மனம் பற்றிய அத்தியாயத்தோடுதான். விரலைக் கோத்ததும் புகையாய் மறைகிற நிஞ்சா, கபுகி நாடக மேடையிலும், 1910களில் ஒசாக்காவில் மலிவு விலைக்கு வந்த சிறுவர் கதைப் புத்தகங்களிலும், அதே காலத்து ஊமைப் படங்களிலும் வளர்ந்தவர். இன்று பிள்ளைகள் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் கைச்சைகைகள் இன்னும் வேறு. அவை பன்னிரண்டு இராசி விலங்குகளின் பெயரில் அமைந்தவை. ஒன்பதும் அல்ல, கூஜியும் அல்ல. வகுப்பில் அந்தக் கார்ட்டூன் சைகையைக் காட்டிப் பழைய மரபு என்று சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பலன் பட்டியல் விஷயம் இன்னும் தெளிவானது. ரின் என்றால் உடல் வலிமை, ப்யோ என்றால் சக்தியைச் செலுத்துதல், கடைசி ஸென் என்றால் ஞானம் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கரம் என்றும் ஒரு அட்டவணை உலகெங்கும் சுற்றுகிறது. இங்கும் அதையே போட்டோப்பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஏழு சக்கரம் என்ற அமைப்பு வங்காளத்தில் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சமஸ்கிருத நூலின் வழியாகப் பரவியது. 1919இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு மேல்நாட்டார் அதைப் பெரிதும் பிடித்துக்கொண்டார்கள். ஷிங்கோன் மரபில் உடலை நிலம், நீர், தீ, காற்று, வெளி என்ற ஐந்து வட்டங்களாகப் பாவிப்பார்கள். ஏழு அங்கே கிடையாது. ஏழு சக்கரத்தை ஒன்பது முத்திரையோடு பொருத்துவதற்காக இரண்டை இட்டு நிரப்பியிருப்பது அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். இப்படி ஒன்றைப் பழைய ஜப்பானிய மரபு என்று சொல்லும் ஆசிரியர் அதைத் தாமாகத் தேடிப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனிக் கைகளுக்கு வருவோம். எது சரி என்று தெரியாமல் எது பிழை என்று பிடிக்க முடியாது.

தியானத்துக்கு அமரும்போது மடியில் வைக்கும் கை. ஜப்பானிய ஸென் பௌத்த மரபில் (ஒன்பதாம் எழுத்தான ஸென் வேறு) வலக்கை கீழே, அதன் மேல் இடக்கை, இரு பெருவிரல் நுனிகளும் மெல்லத் தொட்டிருக்கும். 13ஆம் நூற்றாண்டில் டோகென் என்ற ஸென் துறவி தம் தியானக் குறிப்பில் இப்படியே எழுதினார். ஷிங்கோனில் இது மாறி, வலக்கை மேலே வரும். நம் நாட்டுச் சிலைகளிலும் வலக்கைதான் மேலே. கொழும்பு தேசிய நூதனசாலையின் முன்மண்டபத்தில் இருக்கும் தொலுவிலப் புத்தர் சிலையின் மடியைப் போய்ப் பாருங்கள். ஆகவே இரண்டும் சரி. எந்த மரபில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. கைகளை அடிவயிற்றோடு ஒட்டி வையுங்கள். முழங்கைகளை விலாவோடு இறுக்காமல் சற்று விலக்கிவிடுங்கள். பெருவிரல்கள் இரண்டும் ஒரு நேர்கோடாக இருக்க வேண்டும். மேலே குவிந்தால் மனம் முறுக்கேறி நிற்கிறது, கீழே சரிந்தால் தூக்கம் வருகிறது. நல்ல ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பெருவிரலைப் பார்ப்பார். கராத்தே வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கண்மூடி அமரும் 'மொக்குசோ'வுக்கும் இதுவே போதும். மடியில் வைக்காமல் தொடையில் உள்ளங்கைகளை வைத்தாலும் குற்றமில்லை.

கூஜி முத்திரைகளுள் முதலாவதான ரின்னை எடுத்துக்கொள்வோம். பத்து விரல்களையும் உள்பக்கமாகக் கோத்து, இரு ஆட்காட்டி விரல்களை மட்டும் நிமிர்த்தி நுனிகளைச் சேர்ப்பது ஜப்பானில் பரவலான வடிவம். ஒற்றைமுனை வச்சிராயுதத்தின் உரு. மேல்நாட்டு நிஞ்சுட்சுப் புத்தகங்கள் பலவற்றில் ஆட்காட்டி விரலுக்குப் பதில் நடுவிரல் நிமிர்ந்திருக்கும். இந்த வேறுபாடு ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் போலி என்று சொல்லிவிட முடியாது. கிளைக்குக் கிளை முத்திரை மாறும். ஆனால் ஏன் நடுவிரல் என்று கேட்டால், என் ஆசிரியர் இன்னார், அவருடைய கிளையில் இப்படி என்ற பதில் வர வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொன்னால் புத்தகத்தைப் பார்த்துப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஐந்தாவதும் ஆறாவதும் எளியவை. காய் என்பதில் விரல்கள் வெளியே தெரியக் கோப்பு. ஜின் என்பதில் விரல் நுனிகள் உள்ளங்கைக்குள் மறையக் கோப்பு. எட்டாவதில் இரு கைகளையும் விரித்து, பெருவிரல் நுனிகளும் ஆட்காட்டி விரல் நுனிகளும் தொடச் சூரிய வட்டம். ஒன்பதாவதில் ஒரு கை மற்றதை மூடி மறைக்கும். வீரர்கள் வணங்கிய மரீசி தேவியின் மறைந்துநிற்கும் முத்திரையோடு தொடர்புடையது.

ஏழாவதான ரெட்சுவில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். 'சிக்கென்-இன்' என்பது அதன் பெயர். மகாவைரோசன புத்தருக்கு உரியது. இடக்கையை மூடி ஆட்காட்டி விரலை மட்டும் நிமிர்த்துங்கள். அந்த விரலை வலக்கை முட்டிக்குள் கொள்ளுங்கள். வலக்கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் உள்ளே இடவிரலின் நுனியைத் தொட வேண்டும். நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள். கீழே இடக்கை, மேலே வலக்கை. நாரா நகரின் என்ஜோ-ஜி கோயிலில் உன்கெய் என்ற சிற்பி 1176இல் செய்து முடித்த மகாவைரோசனர் சிலை இருக்கிறது. அதன் படம் இணையத்தில் எவரும் பார்க்கக் கூடியது. ஐயம் வந்தால் அந்தக் கைகளே சாட்சி. கைகளை மாற்றிப் பிடிப்பது ஒரு பிழை. விரலை நெரித்து இறுக்குவது மற்றொன்று. இரத்தம் ஓடாமல் விரல் நுனி வெளிறும். மோதிரம் போட்டிருந்தால் கணு வீங்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் எந்த முத்திரையும் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது முத்திரைகளை (வெளிச்சிங்கம், உட்சிங்கம்) எழுத்தில் விளக்கப் போவதில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் குறுக்கே கொளுவி மடங்குபவை அவை. நேரில் பார்த்துத்தான் பழக வேண்டும். வளரும் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அந்த வடிவத்துக்குள் வளைப்பது நடுக்கணுவின் பக்கத் தசைநார்களை இழுத்துவிடும். விரல் தானாக வளையும் அளவோடு நிறுத்த வேண்டும். வாதக் கணு உள்ளவர்களும், மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் தொல்லை உள்ளவர்களும் இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

அடுத்தது 'கூஜி-கிரி'. கைகோக்காமல் காற்றில் ஒன்பது கோடு வெட்டுவது. வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நிமிர்ந்து வாளாகும்; மோதிர விரலையும் சின்ன விரலையும் பெருவிரல் அழுத்திப் பிடிக்கும். இடக்கை உறையாக இடப்பக்க இடுப்பில் நிற்கும். வலக்கை விரல்கள் அதற்குள் செருகியிருக்கும். ரின் என்று உருவி இடமிருந்து வலமாகக் கிடைக்கோடு. ப்யோ என்று மேலிருந்து கீழே குத்துக்கோடு. இப்படி மாறிமாறிப் போய், ஸென் என்ற கிடைக்கோட்டில் முடியும். கிடை ஐந்து, குத்து நான்கு. குத்துக்கோட்டில் தொடங்கினால் கணக்குத் தலைகீழாகி நான்கு கிடை, ஐந்து குத்து என்று வந்துவிடும். இதைக் காணொளிகளில் அடிக்கடி பார்க்கலாம். தோளிலிருந்து கையை வீசுவது இன்னொரு பிழை. வீச்சு முகத்துக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட சட்டகத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் வெளிமூச்சில் வரட்டும். ஒன்பதையும் ஒரே மூச்சில் அடக்கிச் சொல்ல முயன்றால் தலை கிறுகிறுக்கும். அதைச் சக்தி ஏறுகிறது என்று சில மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். மூச்சை அடக்கினால் எவருக்கும் வரும் கிறுகிறுப்புத்தான் அது. முடிந்ததும் வாள்விரல்கள் உறைக்குத் திரும்ப வேண்டும். ஜப்பானிய மரபில் வெட்டிய கூஜியை அவிழ்க்கும் மந்திரமும் உண்டு. வெட்டக் கற்பித்து அவிழ்க்கக் கற்பிக்காத வகுப்பு பாதியில் விட்ட வகுப்பு.

இவ்வளவையும் பிசகில்லாமல் செய்தாலும் அது முழுமையாகாது. மந்திர மரபில் உடல், வாக்கு, மனம் மூன்றும் சேர வேண்டும்: கையில் முத்திரை, வாயில் மந்திரம், உள்ளத்தில் தெய்வ உரு. பரதநாட்டியம் பயிலும் பிள்ளை தேனு முத்திரையை நம் கோயிற் குருக்களைவிட அழகாகப் பிடித்துக் காட்டலாம். அதனால் அங்கே பூசை நடந்ததாகாது. குருக்களுக்குத் தீட்சையும் அநுட்டானமும் இருப்பதுபோல, ஷிங்கோன் குருமாருக்கு நான்கு படிப் பயிற்சியும் அபிஷேகமும் உண்டு. முத்திரையைப் பிறர் காணாமல் அங்கியின் கைமறைவில் பிடிக்கும் வழக்கமும் உண்டு. மண்டபத்தில் நாற்பது பேர் முன்னிலையில் ஒலிபெருக்கியில் அறிவித்துப் பிடிக்கிற முத்திரை அந்த மரபின் ஒழுங்குக்கு ஒவ்வாதது.

மரபு அறுந்துபோன இடங்களும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1868இல் ஜப்பானின் மெய்ஜி அரசு உள்நாட்டு வழிபாடான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. 1872இல் ஷுகெண்டோவையே தடை செய்தது. பல மலைத் துறவிகள் வழிபாட்டைக் கைவிட நேர்ந்தது. பின்னாளில் எழுந்த பள்ளிகள் சில, எஞ்சிய ஏடுகளைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பின. மீட்டெடுத்தது என்று சொல்லிக் கற்பித்தால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நிஞ்சுட்சு என்ற பெயரில் உலகெங்கும் பரவியதில் பெரும்பங்கு மசாஆக்கி ஹட்சுமி நிறுவிய புஜின்கான் என்ற அமைப்புக்கும் அதிலிருந்து பிரிந்தவற்றுக்கும் உரியது. அவருடைய ஆசிரியர் தோஷிட்சுகு தகமட்சு (1889–1972). புஜின்கான் ஒன்பது பள்ளிகளின் பாடங்களைச் சொல்கிறது. அவற்றுள் நிஞ்சுட்சுப் பள்ளியாக அதிகம் அறியப்பட்டது தொகாக்குரெ-ரியூ. அதன் பரம்பரைப் பட்டியல் 12ஆம் நூற்றாண்டு வரை போகிறது. பட்டியலின் பழைய பகுதிக்குச் சுயாதீனமான ஆவணச் சான்று போதாது என்பது பாரம்பரியக் கலைகளை ஆராய்வோரிடையே பல பத்தாண்டுகளாக உள்ள விமர்சனம். தகமட்சு நல்ல வித்தைக்காரர், அவர் கற்பித்த உடற்பயிற்சி முறைகளில் விஷயம் இருக்கிறது என்பதும் அதே அளவு பேசப்படுவதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற ஆசிரியரையே நான் நம்புவேன். இகா இருக்கும் மியே மாகாணத்தில், மியே பல்கலைக்கழகம் 2017இல் சர்வதேச நிஞ்சா ஆய்வு நிலையத்தைத் தொடங்கி ஏடுகளை முறையாக ஆராய்கிறது. தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இன்று வழி இல்லாமல் இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் பெற்றோர் ஏமாறுவது எளிது, சோதிப்பதும் எளிதுதான். தற்காப்புக் கலைகளில் கறுப்புப் பட்டியோடு வரும் டான் தரம் என்ற முறை ஜூடோவின் தந்தை ஜிகோரோ கனோ 1883இல் தொடங்கியது. 1868க்கு முந்திய பழைய பள்ளிகள் கொடுத்தவை மொக்குரொகு, மென்க்யோ, மென்க்யோ கைடென் முதலான ஓலைகளும் சுருள்களும். ஆகவே நானூறு ஆண்டுப் பழைய நிஞ்சாப் பரம்பரையில் இத்தனையாவது டான் என்று ஒருவர் சொன்னால், டான் கொடுத்தது 20ஆம் நூற்றாண்டு அமைப்பு ஒன்று என்று விளங்கிக்கொள்ளுங்கள். புஜின்கானில் 15ஆம் டான் வரை உண்டு; ஐந்தாம் டானுக்குக் கண்மூடி மண்டியிட்டிருப்பவர் பின்னால் இருந்து விழும் வாள்வீச்சை உணர்ந்து விலக வேண்டும் என்பது சோதனை. அதெல்லாம் அந்த அமைப்பின் விதி, பழைமைக்கு அத்தாட்சியாகாது.

சுவரில் சட்டம் போட்டு மாட்டிய ஜப்பானியக் கடதாசியில் முதலில் திகதியைப் படியுங்கள். ஜப்பானியர் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து ஆண்டெழுதுவார்கள். ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988, ரெய்வா ஆண்டோடு 2018 கூட்டினால் நம் ஆண்டு வரும். ஷோவா 1989 ஜனவரி 7இல் 64ஆம் ஆண்டோடு முடிந்தது. ஹெய்செய் 2019 ஏப்ரல் 30இல் 31ஆம் ஆண்டோடு முடிந்தது. ஷோவா 68 என்றோ ஹெய்செய் 34 என்றோ எழுதியிருந்தால் அந்தக் கடதாசியை எழுதியவருக்கு ஜப்பானில் எந்த ஆண்டு நடக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு பள்ளியின் பெயர், வழங்கியவரின் பெயர், பெற்றவரின் பெயர், சிவப்புச் சீல். பெற்றவர் வகுப்பு எடுக்கிறவர்தானா, வழங்கியவர் பள்ளியின் தலைவரா அல்லது ஒரு சங்கத்தின் செயலாளரா என்று பாருங்கள். தூரிகை எழுத்தைக் கைபேசிச் செயலி சரியாக வாசிக்காது. உயர்தரத்தில் ஜப்பானிய மொழி எடுத்த பிள்ளை ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு படம் எடுக்கக்கூட விடாத ஆசிரியரிடம் பணம் கட்ட வேண்டாம். அரசில் பதிந்த நிறுவனம் என்ற வாசகமும் பரம்பரைக்குச் சான்றல்ல. கம்பனிப் பதிவு வியாபாரத்துக்கு உரியது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகத்துக்கு உரியது. ஒரு முத்திரை எங்கிருந்து வந்தது என்று அவை இரண்டும் பார்ப்பதில்லை.

கராத்தே வகுப்புகளில் கூஜியைச் செருகுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஜியோன், ஜிட்டே, ஜீன் ஆகிய கத்தாக்கள் (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) தொடங்கும்போது வலது முட்டியை இடக்கை மூடியிருக்கும். கங்குதாய் என்ற கத்தாவின் தொடக்கத்தில் விரித்த கைகள் சேர்ந்து மேலெழும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து இடையில் ஒரு முக்கோணம் தெரியும். முதலாவதை ஒன்பதாம் முத்திரை என்றும் இரண்டாவதைச் சூரிய முத்திரை என்றும் சிலர் விளக்குகிறார்கள். பார்வைக்கு ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஆதாரம் கிடையாது. கராத்தே ஒக்கினாவாவில் வளர்ந்து, 1922இல் ஃபுனகோஷி என்ற கராத்தே ஆசிரியர் தோக்கியோவில் செய்துகாட்டிய பிறகு ஜப்பான் பெருநிலத்தில் பரவியது. அதில் முட்டியை மூடும் கையைச் சீனக் குத்துக்கலையின் வணக்கத்தோடு ஒப்பிடுவது எவ்வளவோ பொருத்தம்.

பரம்பரை இல்லாத ஆசிரியர்கள் எல்லாரும் வேண்டாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விழுந்து உருளவும், பிடித்த கையை விடுவிக்கவும், தூரம் கணிக்கவும் ஒழுங்காகக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரகசிய முத்திரை என்ற அலங்காரம் தேவையில்லை. முத்திரையும் கற்பிக்க விரும்பினால், பௌத்த மந்திர மரபிலிருந்து வந்தது, நான் இன்னாரிடம் அல்லது இந்தப் புத்தகத்திலிருந்து பழகினேன், தீட்சை பெறவில்லை, மனத்தை ஒருமுகப்படுத்த மட்டும் பயன்படுத்துகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். நோய் மாறும் என்று சொல்வதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க முடியாது. மருந்தை நிறுத்தச் சொன்னால் அது பொலிஸுக்குப் போக வேண்டிய விஷயம்.

கடைசியாக உங்கள் பக்க வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கலைகள் பற்றிய படங்களைப் பக்கத்துக்குப் பொருந்த இடம்வலமாகத் திருப்பிப் போடாதீர்கள். சிக்கென்-இன்னில் இடவிரல் வலவிரலாக மாறிவிடும். வாள் தவறான இடுப்பில் தொங்கும். அதைப் பார்த்துப் பழகும் பிள்ளை தலைகீழாகப் பழகும். அச்சுக்குப் போகுமுன் படத்திலுள்ளவரின் அங்கி மார்பில் மடிவதைப் பாருங்கள். அணிந்தவரின் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாறி இருந்தால் ஒன்றில் படம் திரும்பியிருக்கிறது, அல்லது அவருக்கு அங்கி உடுத்தத் தெரியவில்லை. ஜப்பானில் வலப்பக்கம் மேலே வர உடுத்துவது இறந்தவருக்கு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.